டிவி சுவருக்கு ஆறு பிளக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கேமிங், சினிமா பிரியர்களுக்கு அடைசல் இல்லாத வீடு அமைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. வெள்ளைச் சுவர், அதில் பெரிய டிவி, எதிரே சோபா, வேறு ஒன்றுமே கிடையாது. நான் தண்டையார்பேட்டையில் வயரிங் வேலை செய்கிறவன். எனக்கு சோபா மேல் கண் போகவில்லை. இத்தனை சாமான் ஓடுகிற இடத்தில் ஒயரெல்லாம் எங்கே போச்சு என்றுதான் தேடினேன். கட்டுரையிலும் அதற்குப் பதில் இல்லை. வேண்டாததைத் தூக்கிப் போட்டால் வீடு விசாலமாகிவிடும் என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தூக்கிப் போட என்ன இருக்கிறது? ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று நான் போய்வரும் வீடுகள் பெரும்பாலும் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். பிள்ளைகள் படிப்பதும் பாட்டி படுப்பதும் அந்த ஹாலில்தான். ராத்திரி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பையன் கேம் ஆடுவதும் அங்கேதான். சோபாகூடப் பல வீட்டில் கிடையாது, பாய்தான். ஆனாலும் ஹாலுக்குள் நுழைந்தால் கண்ணை உறுத்தும். காரணத்தைத் தேடிப் போனால், கட்டும்போது டிவி சுவருக்கு விட்ட ஒரே ஒரு பிளக்கில் போய் நிற்கும்.

புதுவண்ணாரப்பேட்டையில் சமீபத்தில் வேலை பார்த்த வீட்டைச் சொல்கிறேன். கதவோரம் ஒரு ஸ்விட்ச் போர்டு, அதில் ஒரு ஐந்து ஆம்பியர் பிளக். அதிலிருந்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அந்தப் பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ். இரண்டாவது பாக்ஸ், காலண்டர் மாட்டிய ஆணியிலேயே சணல் கயிற்றில் தொங்கியது. அதில் டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், பிளேஸ்டேஷன் என்கிற கேம் மெஷின், சவுண்ட்பார் என்கிற நீள ஸ்பீக்கர், கேம் ஆடுகிற கன்ட்ரோலருக்கு ஒரு சார்ஜர், செல்லுக்கு ஒரு சார்ஜர், கொசு மெஷின். சாமி படத்துக்குப் போடுகிற சீரியல் லைட்டும் அதிலேயே. வீட்டு அம்மா சொன்னது: "அண்ணா, இந்த ஒயருங்க மட்டும் கண்ணுல படாம செஞ்சுக் குடுங்க. தெனம் பெருக்கினாலும் பெருக்காத வீடு மாதிரியே இருக்குது."

இதில் லோடு, அதாவது இழுக்கிற கரண்டின் அளவு, ஒரு பிரச்சினையே கிடையாது. பிளேஸ்டேஷன் 5 கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். 43 இன்ச் எல்இடி டிவி 100 வாட் பக்கம். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் மொத்தம் 400 வாட்டைத் தாண்டாது. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் இரண்டு ஆம்பியர்கூட வராது. ஒரு அயர்ன் பாக்ஸே 1000 வாட், நாலு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். ஆக, சுவருக்குள் இருக்கிற ஒயர் தாங்கும், பிளக் ஓட்டைதான் போதவில்லை. ஆபத்து எங்கே என்றால், ஏற்கெனவே தொங்குகிற அந்தப் பாக்ஸில் அவசரத்துக்கு யாராவது அயர்ன் பாக்ஸைச் செருகுவார்கள். பாக்ஸ் இளகிப்போவதும் கருகுவதும் அப்போதுதான். கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிற வீட்டில் இன்னொரு கூத்து. மூன்று பின் பிளக் இரண்டு பின் பாக்ஸில் ஏறாது என்று எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டில் டிவி வருகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஆறு பிளக் உள்ள போர்டு போட்டேன். எல்லாம் ஒரே ஸ்விட்சில் அணையும். டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. பலகைக்கும் டிவிக்கும் நடுவில் சுவரைக் கொத்தி இரண்டு இன்ச் பைப். வழக்கமாக வயரிங்குக்குப் போடுகிற முக்கால் இன்ச் பைப்பில் டிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ கேபிளின் தலை வளைவில் மாட்டிக்கொள்ளும், அந்தத் தலையை வெட்டி ஒட்டவும் முடியாது. அதனால்தான் பெரிய பைப், அதுவும் வளைவில்லாமல் நேராக. கரண்ட் ஒயரை அதில் விடக்கூடாது, அதற்குத் தனிப் பைப். வாடகை வீட்டில் சுவரைக் கொத்த ஓனர் விடமாட்டார். அங்கே சுவர் நிறத்திலேயே கேசிங் பட்டி (ஒயரை மூடுகிற பிளாஸ்டிக் பட்டி) ஒட்டி மூடிவிடலாம், பரவாயில்லை என்கிற அளவுக்கு இருக்கும்.

சவுண்ட்பாருக்கு டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிற ஓட்டையிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ போதும். செட்டாப் பாக்ஸ், கேம், எதன் சத்தமும் அதிலேயே வந்துவிடும். பர்மா பஜாரில் வாங்கிய பழைய ஹோம் தியேட்டர் செட், மூலைக்கு ஒரு ஸ்பீக்கராக, பல வீடுகளில் ஓடாமல் நிற்கிறது. அதைக் கழற்றலாம் என்றால் அந்த வீட்டுப் பெரியவரிடம்தான் அனுமதி வாங்க வேண்டும், அது என்னால் ஆகாது.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. டிவியைச் சாமி படத்துக்குச் சமமாக மேலே ஏற்றி மாட்டுகிறார்கள். பாயில் உட்கார்ந்து ஆடுகிற பையனுக்குக் கழுத்து என்னத்துக்கு ஆகும்? தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் டிவியின் நடுப்பகுதி வந்தால் சரியாக இருக்கும். பிளக் போர்டும் அதே உயரத்தில் டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தரையோரம் பிளக் வைப்பது படத்தில் அழகு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் நின்றது என்று எங்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் தரையோரம் பிளக் வைக்கச் சொன்னால் நான் வேலையே எடுப்பதில்லை.

கட்டுரையில் பிளேஸ்டேஷனைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே போகிற 200 வாட்டும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கதவைச் சாத்தினால் அதே சூட்டுக் காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். திறந்த பலகையில், பின்பக்கம் நாலு விரல் இடம் விட்டு வைத்தால் போதும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று வேறு. இரும்பு ஸ்டாண்டு சீக்கிரமே துருப் பிடிக்கும், பிளக் பின்கூடப் பச்சை பூத்துவிடும். துருப் பிடிக்காத ஸ்டீல் திருகு போடச் சொல்லுங்கள், ஃபேன் ஓட்டையில் சேர்கிற தூசியையும் அவ்வப்போது பிரஷ்ஷால் தட்டிவிடச் சொல்லுங்கள்.

கேம் டிஸ்க் எதற்கு, எல்லாவற்றையும் டவுன்லோட் செய்யுங்கள் என்று கட்டுரை சொல்வதும் எங்களுக்கு ஒத்துவராது. டிஸ்க் என்றால் ஆடி முடித்ததும் பக்கத்துத் தெருப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம், பாதி விலைக்கு விற்கலாம். மெஷினில் இறக்கிய கேமை என்ன செய்ய முடியும்? பத்து டிஸ்க் ஒரு சாண் இடம்கூட எடுக்காது. இடத்தை அடைப்பது பரணில் ஏற்றி வைத்திருக்கிற டிவி அட்டைப்பெட்டிதான். வாரண்டி முடிந்த பிறகும் அதை யாரும் இறக்குவதில்லை.

இன்னொன்று விட்டுப்போச்சு. எங்கள் ஊரில் கேம் என்றால் கேரமும்தான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். கேரம் போர்டைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கியில் மாட்டிவிடலாம். ஆனால் ஆடும்போது நடு ஹாலில், போர்டுக்கு நேர் மேலே, நிழல் விழாமல் ஒரு விளக்கு தொங்க வேண்டும். ஹாலின் நடு சீலிங்கில் ஃபேனுக்கு மட்டும் பாயின்ட் விட்டுவிட்டு, விளக்கைச் சுவரில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அதற்கும் ஒரு ஒயர் குறுக்கே ஓடும்.

வட சென்னையில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புது அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அரசு கட்டினாலும் தனியார் கட்டினாலும் பூச்சு வேலைக்கு முன்னால் ஹாலின் ஒரு சுவரில் ஆறு பிளக், ஒரு இரண்டு இன்ச் பைப், இன்டர்நெட் கேபிளுக்கு ஒரு தனிப் பைப், சீலிங்கில் விளக்குக்கு ஒரு பாயின்ட் போட்டுவிட்டால் போதும். அந்தக் கட்டத்தில் இது ஓரிரு மணி நேர வேலை. குடிவந்த பிறகு என்றால் சுவரைக் கொத்தி, பூசி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அடுத்த முறை வீட்டுக் கட்டுரை போடும்போது உங்கள் நிருபர் ஒரு பில்டரிடம் டிவி சுவருக்கு எத்தனை பிளக் விடுகிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்கிற எண்ணிக்கையையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81