சொத்தைப் பல் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், பெயர் வேண்டாம். சத்துணவில் கொண்டைக்கடலை வந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவான். சோற்றை மட்டும் இடப்பக்கமாகவே மென்று விழுங்குவான். சாப்பாட்டில் குறை சொல்கிற பிள்ளை என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை வலது கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வந்து நின்றான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகு நுழையும் அளவுக்குப் பள்ளம்.

"பால் பல்தானே சார், விழுந்துரும்னு விட்டுட்டோம்" என்றார் அவன் அம்மா. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அது பால் பல் இல்லை. 6 வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பற்கள் அவை. பால் பல்லே என்றாலும், கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயதாகும். அதுவரை வலியோடு மெல்வதா?

மெல்ல முடியாத பிள்ளை அரைவயிற்றோடு எழுந்துவிடும். ராத்திரி வலியில் தூங்காமல், மறுநாள் வகுப்பில் பெஞ்சில் தலை சாய்க்கும். எடை ஏறவில்லையே என்று டானிக் வாங்கும் நாம் வாயைப் பார்ப்பதில்லை. சீழ் கட்டினால் தாடை, கழுத்து வரை பரவலாம். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்தால் பெரும்பாலும் உடம்பே சமாளித்துவிடும். ஆனால் சிலவகை இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு அது இதய வால்வில் ஒட்டி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட பிள்ளை என்றால் எங்களிடமும் பல் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்களும் ஈறைக் கவனிக்க வேண்டும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சிரமம், சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும்.

காலையில் எல்லாப் பிள்ளைகளும் பல் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிக்கல் இரவில்தான். வாயைக் கழுவிவிடும் எச்சில் தூங்கும்போது குறைவாகத்தான் சுரக்கும். பல்லிடுக்கில் ஒட்டிய பிஸ்கட்டைத் தின்று கிருமி விடும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது. (பல்லில் பூச்சி என்று ஒன்று கிடையவே கிடையாது.) படுக்கும்முன் ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்க வேண்டாம். துப்பிய பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டால் நல்லது.

அந்தப் பையனுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. நேற்று நான்கு கடலை தின்றான், எண்ணிப் பார்த்தேன்.

இன்று இரவு செல்போன் டார்ச்சை அடித்து உங்கள் பிள்ளையின் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். கரும்புள்ளியோ பள்ளமோ தெரிந்தால் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்