எத்தனை மணிப் புள்ளி அது?

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நம் நண்பன் ஒல்லியின் அப்பா காணாமல் போய்விட்டார். பதறாதே, கிடைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார். அவருக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று உனக்குத்தான் தெரியுமே. அதற்காகவே அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு போன், அதில் இருக்குமிடம் காட்டும் ஒரு ஆப். ஒல்லி தன் போனில் திறந்து பார்த்தால் நீலப் புள்ளி வீட்டிலேயே நிற்கிறது. அதை நம்பி மாடி, கொல்லை, பக்கத்து வீடு என்று சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறான். பெரியவர் அதற்குள் வெகுதூரம் நடந்துவிட்டார். சாயங்காலம் யாரோ ஒரு புண்ணியவான் அவர் போனிலிருந்தே கூப்பிட்ட பிறகுதான் இவனுக்கு உயிர் வந்தது.

மறுநாள் அந்த ஆப்பை வாங்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் ‘இப்போது இருக்கும் இடம்’. இரண்டு திரை தள்ளிப் போனால், பொடி எழுத்தில் காலை எட்டேகால் மணி. காலையில் எடுத்த புள்ளியைச் சாயங்காலம் வரை ‘இப்போது’ என்று காட்டியிருக்கிறது! எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நீயும் வயதானவர்களுக்காகத்தான் ஆப் எழுதுகிறாய். ‘இடம் தப்புத் தப்பாக வருகிறது, வழி சொல்’ என்று கேட்டிருந்தாய். நீ எழுதிய நிரலைப் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் ‘கெட் லாஸ்ட் லொகேஷன்’ கேட்டு, வந்ததை அப்படியே வரைபடத்தில் வைத்திருக்கிறாய். அது போன் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் இடம். வேறு ஏதோ ஆப் எப்போதோ கேட்டு வாங்கியதாக இருக்கலாம். சில சமயம் ஒன்றுமே இல்லாமல் ‘நல்’ (null, வெற்று) என்றும் வரும். அதற்குப் பதில் இப்போதைய இடத்தைக் கேட்கும் ‘கெட் கரன்ட் லொகேஷன்’ கேள், ‘ஹை அக்யூரசி’ (அதிகத் துல்லியம்) போடு, எவ்வளவு பழையது வரை ஏற்கலாம் என்ற அளவைப் பூஜ்ஜியமாக்கு. அப்போதுதான் போன் புதிதாகத் தேடும். அதுவும் கிடைக்காமல் ‘நல்’ என்று வரலாம், அதற்கும் நிரல் எழுதி வை.

இன்னொன்று. ஒவ்வொரு இடத்தோடும் ‘அக்யூரசி’ என்று மீட்டரில் ஒரு எண் வருகிறதே, அதை நீ தொடவே இல்லை. அது 20 என்றால், அந்தப் புள்ளியைச் சுற்றி 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஆள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று பொருள். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஆள் வட்டத்துக்கு வெளியே! புள்ளியை மட்டும் காட்டாதே, வட்டத்தையும் வரை, பக்கத்திலேயே நேரத்தையும் போடு. தேடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

முதலில் வரும் இடத்தை உடனே பிடித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும், போன் இடத்தைக் கணக்கிடத் தேவையான தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில், 30 நொடிக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி அனுப்புகிறது. இன்டர்நெட் இருந்தால் போன் அதை அங்கிருந்து வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை வைஃபையையும் டவரையும் வைத்து ஒரு குத்துமதிப்பு. கொஞ்ச நேரம் தொடர்ந்து வாங்கு, வட்டம் சுருங்கச் சுருங்க நல்லதை வைத்துக்கொள், ஒரு கெடு வந்ததும் நிறுத்து. வானம் திறந்திருந்தால் 5 மீட்டருக்குள் வந்துவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் மோதிச் சுற்றி வரும். ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாமதித்தாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பும், பார்த்துக்கொள்.

பர்மிஷனையும் கவனி. ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021-இல் வந்த 12ஆம் பதிப்பு முதலும், துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமானதை மட்டும் தர ஆளுக்கு உரிமை உண்டு. ஆண்ட்ராய்டில் அந்தத் தோராயம் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் போகும். அதற்கு நீ எந்த நிரல் எழுதியும் பயனில்லை. ஏன் வேண்டும் என்று நல்ல வார்த்தையில் சொல்லிக் கேள், கொடுப்பார்கள்.

‘நொடிக்கொரு தடவை கேட்டால் போச்சு’ என்று நீ சொல்வாய், தெரியும். உன் பிடிவாதம் விடுதியிலேயே பிரசித்தம், நம் விடுதி நண்பன் வாத்தி இன்னும் அந்த மின்விசிறிக் கதையைச் சொல்கிறான். ஆனால் பேட்டரி செத்த போன் பெரியவருக்கு எதற்கு மாப்ளே? அவர் உட்கார்ந்திருந்தால் குறைவாகக் கேள், நடந்தால் அடிக்கடி கேள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், திரைக்குப் பின்னால் போன ஆப்புக்கு மணிக்குச் சில தடவைதான் இடம் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமென்றால், ஆள் அறியும்படி ஓடிக்கொண்டே இருக்கும் ‘ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்’ வைத்து, மேலே அறிவிப்புக் காட்டியபடிதான் ஓட வேண்டும். ஒல்லி வீட்டில் நடந்ததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒல்லியிடம் போனில் பேசு. அவன் இன்னும் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம், நிரலை மாற்றியதும் வாத்தியின் பழைய போனையும் வாங்கிக்கொண்டு, ஒரு தடவை வெட்டவெளியிலும் ஒரு தடவை கட்டடங்களுக்கு நடுவிலும் நடந்து பார். நேரம், அக்யூரசி இரண்டும் உள்ள பதிவை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்