ஸ்பினல் போலி மாணிக்கமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் மாணிக்கக் கல்லைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மாணிக்கத்தின் செந்நிறத்துக்குக் காரணம் அதில் சிறிதளவு கலந்துள்ள குரோமியமே என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால், பிரிட்டிஷ் மணிமுடியின் முன்புறத்தில் பதிக்கப்பட்டுள்ள, ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ எனப்படும் பெரிய சிவப்புக் கல் போலியானது என்று பிற்காலத்தில் தெரியவந்ததாக அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கல் ஸ்பினல் என்னும் இயற்கை இரத்தினம். அது எவரும் செய்து வைத்த கல்லன்று. மண்ணுக்குள் மாணிக்கத்தைப் போலவே தானாக விளைந்தது.

மாணிக்கம் குருந்த வகையைச் சேர்ந்தது. அதாவது, அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். அவ்விரண்டோடு மெக்னீசியமும் சேர்ந்து உருவாவது ஸ்பினல். இரண்டும் பல இடங்களில் ஒரே சலவைக்கல் பாறைகளில் பிறக்கின்றன; மியான்மரின் மோகோக் பள்ளத்தாக்கில் அருகருகே கிடைக்கின்றன; இரண்டையும் சிவக்க வைப்பதும் அதே குரோமியம்தான். கண்ணால் மட்டும் பார்ப்பவர் குழம்பினால் அதில் வியப்பில்லை. எனினும், கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் மாணிக்கத்தின் கடினம் 9, ஸ்பினலின் கடினம் 8. மாணிக்கம் நீரைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு எடை கொண்டது, ஸ்பினல் 3.6 மடங்கு. மாணிக்கத்துக்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிவதால், உரிய கருவியின் வழியே பார்த்தால் இருவேறு சிவப்புச் சாயல்கள் தெரியும். ஸ்பினல் கனசதுர அமைப்புடைய படிகமாதலால் எத்திசையில் திருப்பினாலும் ஒரே சிவப்பைத்தான் காட்டும்.

இந்த வேறுபாடு ஐரோப்பிய வேதியியலில்தான் முதன்முதலில் தெரியவந்தது என்ற எண்ணமும் சரியன்று. 1783இல் பிரெஞ்சு அறிஞர் ரொமே தெ லில் ஸ்பினலைத் தனிக் கனிமமாகப் பிரித்துக் காட்டினார் என்பது உண்மையே. ஆனால், 11ஆம் நூற்றாண்டிலேயே அல் பிரூனி என்னும் அறிஞர் இரத்தினங்களை நீரில் இட்டு அவற்றின் எடையை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ‘யாகூத்’ எனப்பட்ட மாணிக்கத்தைவிட ‘லால்’ எனப்பட்ட கல் இலேசானது என்று பதிவு செய்திருக்கிறார். அந்த லால்தான் இன்றைய ஸ்பினல். இன்றைய தஜிகிஸ்தானில் அடங்கும் படக்ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து அது வந்தது. முகலாயப் பேரரசர்கள் அதை மாணிக்கம் என்று மயங்கி வாங்கவில்லை. லால் என்று அறிந்தே விரும்பினார்கள். ஜஹாங்கீரும் ஷாஜஹானும் தங்கள் பெயர்களைப் பொறிக்கத் தேர்ந்தெடுத்த கற்களில் பல ஸ்பினல்களே. பின்னாளில் ‘தைமூர் மாணிக்கம்’ என்று பெயர் பெற்ற, 350 காரட்டுக்கும் மேல் எடையுள்ள கல்லும் அவ்வகைதான். பட்டை தீட்டாமல், மெருகு மட்டும் ஏற்றி, கல்லின் இயல்பான உருவத்தையும் பருமனையும் காத்த அவர்களுடைய இரசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஸ்பினலின் பெயர் கெட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. கனிமத் தூளைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் அறிவித்த பிறகு, அதே சுடருருக்கு முறையில் செயற்கை ஸ்பினலும் பெருமளவில் ஆக்கப்பட்டது. பல நிறங்களில் மலிவாகக் கிடைத்த அது வெவ்வேறு இரத்தினங்களுக்குப் பதிலாக மோதிரங்களில் ஏறியது. ஆலையில் பிறந்த கல்லின் பழி, மலையில் பிறந்த கல்லின் மீதும் படிந்துவிட்டது.

நாகத்தின் தலையில் உள்ள மாணிக்கம் இருளில் ஒளிவிடும் என்ற நம்பிக்கையைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். பாம்பு இரத்தினம் உமிழாது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இரும்புக் கலப்புக் குறைந்த மாணிக்கத்தின் மீது புறஊதாக் கதிர் படும்போது, அதிலுள்ள குரோமியம் அக்கதிரை ஏற்றுச் செவ்வொளியாகத் திருப்பித் தருகிறது. சூரிய ஒளியிலும் இது நிகழ்வதால் கல் கனல் போல் தோன்றும். சிவப்பு ஸ்பினலுக்கும் இப்பண்பு உண்டு. கல்லுக்குள் தீ இருப்பதாக முன்னோர் சொன்னதற்கு இப்படியொரு கண்கூடான அடிப்படை இருந்திருக்கலாம் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

போலிகளைப் பற்றி எச்சரிப்பதே கட்டுரையின் நோக்கமாயின், தரம் தாழ்ந்த மாணிக்கத்தின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை நிரப்பித் தெளிவான கல்லாகக் காட்டும் வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கலாம். அத்தகைய கல்லை உருப்பெருக்கியின் கீழ் அசைத்துப் பார்த்தால் உள்ளே நீலப் பளிச்சிடல்களும் காற்றுக் குமிழ்களும் தெரியக்கூடும். எலுமிச்சைச் சாறு போன்ற எளிய அமிலம்கூட அந்த நிரப்பலை அரித்துவிடும். விற்பவர் இதை மறைத்தால் அதுவே ஏமாற்று. ஸ்பினலைப் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட்டு, இந்த நிரப்பலைக் கண்டறியும் முறைகளையும் அதனுடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்