உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ உபரியாக வரும் பழைய சமையல் பாத்திரங்களைப் புதுப்பிப்பது பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். பல வருஷங்களாக எனக்கும் இதே வேலைதான். ஆனால் மேலே இருக்கும் பச்சைப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்ற வரி என்னைப் பதற வைத்தது.

என்னிடம் உள்ள ஓர் இரும்புக் கொதிகலனில், கைப்பிடி கீலுக்கு அடியில் நகத்தால் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே செம்மஞ்சளாக இன்னொரு பூச்சு. பழைய அடிப்பூச்சுகளில் காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்தவை அந்த நிறத்தில் இருக்கும். அதை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி மூச்சோடு உள்ளே போகும், வீட்டுத் தரையிலும் படியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே முடியவில்லை. உரிந்துவரும் பெயின்ட் இருக்கும் பாத்திரத்தை நான் அடுப்பில் ஏற்றுவதே இல்லை.

உட்புறமும் அப்படித்தான். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்தால் மறுபடி ஈயம் பூச வேண்டும். பேச்சில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறோம். பூச வேண்டியது வெள்ளீயம், காரீயமோ விஷம். காரீயம் துளியும் கலக்காத வெள்ளீயம்தானா என்று பூசுபவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அப்புறம், பூசிய பாத்திரத்தைக் காலியாகத் தீயில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

அலுமினியம் என்றால் வேறு கதை. லேசாக இருக்கும், காந்தம் ஒட்டாது. அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் உலோகமே கரையும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சலவை சோடாவும் ஆகாது. என் முதல் மெஸ் டின் (சிப்பாய்களின் சாப்பாட்டு டப்பா) அதில்தான் கறுத்தது. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டுக் கொதிக்க வைத்த பிறகே கறுப்பு விட்டது. அடியில் அரிப்புக் குழிகள் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி கசிந்தாலும் அது இனி சமையலுக்கு இல்லை.

எரிபொருள் வாடை வீசும் தண்ணீர்க் குப்பியை எத்தனை முறை கழுவினாலும் நான் வாயில் வைக்க மாட்டேன்.

கட்டுரையாளரின் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த இதழில் அந்த உப்புத்தாள் வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். யாராவது இந்த வாரமே தேய்க்க உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்