பழைய கார் உரிமையாளர் சங்கம், சென்னை: செயலாளரின் 2024-25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள 19 உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் பதிவேட்டில் 46 பெயர்கள் உள்ளன என்பதைக் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

ஆண்டில் நான்கு செயற்குழுக் கூட்டங்கள் நடைபெற்றன. குடியரசு நாளன்று மாமல்லபுரம் வரை அணிவகுப்பு சென்று வந்தது. இரண்டு வண்டிகள் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டன. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி பழம்பெரும் வண்டிகளுக்கான ‘வி.ஏ.’ வரிசைப் பதிவெண் பெறுவது குறித்து விளக்கக் கூட்டம் நடத்தினோம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று சொன்னதும் பாதிப் பேர் தேநீர் அருந்த எழுந்து சென்றனர்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பழைய வண்டிகளில் கைவேலை தெரிந்தவர்களின் பதிவேடு. இது செயலாளரின் சொந்த விருப்பம் என்று சிலர் பேசி வருவதால், அது தொடங்கிய விதத்தைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

கடந்த ஜூலையில், புதிதாகச் சேர்ந்த அம்மையார் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற 1967ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பழுதுபார்க்க ஆள் கேட்டு என்னை அழைத்தார். ஸ்டியரிங் கல்லாக இறுகியிருந்தது. 1961 முதல் பத்தாண்டு காலம் சென்னையிலேயே தயாரான காருக்குச் சென்னையில் மெக்கானிக் கிடைக்காமலா போவார் என்ற நம்பிக்கையில் நம் உறுப்பினர்கள் 11 பேரைக் கேட்டேன். நால்வர் தொலைபேசியை எடுக்கவில்லை. சிலர் பிறகு சொல்வதாகச் சொல்லி இன்றுவரை சொல்லவில்லை. ஒருவர் தம் மேஸ்திரி காலமாகிவிட்டார் என்று வருத்தத்துடன் கூறினார். அந்த மேஸ்திரியை மறுவாரமே புதுப்பேட்டையில் கண்டு நலம் விசாரித்தேன்.

இதற்கிடையில் அம்மையார் அழைத்து வந்த ஒருவர், முன் சக்கரங்களின் அடியில், அவை திரும்புவதற்கான மூட்டாகிய டிரனியனில் கிரீஸ் கன்னை வைத்து நிறைய அடித்துவிட்டுப் போனார். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அறிவார்கள், அந்த இடத்துக்குக் கிரீஸ் ஆகாது. கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 ஆயில்தான் மரைக்குள் இறங்கும். கிரீஸ் கட்டிப்பட்டு வழியை அடைத்துக்கொண்டால், உள்ளே நீர் தங்கித் துரு ஏறி, ஒரு நாள் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இறுதியில் வில்லிவாக்கத்தில் வீட்டு வாசலிலேயே வேலை செய்யும் முதியவர் ஒருவரை, ஒரு லேத் பட்டறைக்காரர் வழியாகக் கண்டுபிடித்தோம். அவர் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, மரையைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்து, இடப்பக்கத் தண்டு உதவாது என்றார். நைலான் புஷ்களை லேத்தில் கடைந்துகொள்ளலாம், தண்டை மட்டும் கடைந்து போடக் கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால் அதை இங்கிலாந்திலிருந்து தருவித்தோம். செப்டம்பர் இறுதியில் வண்டி ஓடியது.

அந்த மூன்று மாத அலைச்சலில் பிறந்ததே இப்பதிவேடு. ஆர்மேச்சர் சுற்றுபவர், ரேடியேட்டர் ஈயம் வைப்பவர், கார்புரேட்டர் பார்ப்பவர், பள்ளத்தில் பூசும் புட்டிப் பசையை நம்பாமல் சுத்தியலால் தகட்டை நிமிர்த்தும் டிங்கர் என 14 பேர், அவரவர் சம்மதத்துடன் இதில் இடம்பெற்றுள்ளனர். எந்தெந்த வண்டியில் கை வைத்தவர், வீட்டுக்கு வருவாரா, நாள் கூலி என்ன, கூடவே வேலை கற்கும் பையன் உண்டா என்பவற்றையும் குறித்துள்ளேன். பையன் இருப்பது மூவருக்கு மட்டுமே. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் கெடுவது பற்றிக் கேட்போர் பெருகியுள்ள நிலையில், இந்த 14 பேர் போதமாட்டார்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இறுதி இருப்பு தொடக்க இருப்பைவிடச் சற்றுக் குறைவு. இறுகிய பாகங்களை இழுத்துக் கழற்றும் புல்லரும் வேறு சில பொதுக் கருவிகளும் வாங்கிய செலவுக்குச் செயற்குழுவின் ஒப்புதல் பின்னரே பெறப்பட்டது உண்மை. ஆனால் முன்னரே பெறுவதற்குக் கூட்டிய ஆகஸ்ட் கூட்டத்துக்கு என்னுடன் வந்தவர் தலைவர் ஒருவரே. ஆண்டுச் சந்தாவான 1,500 ரூபாயை 21 பேர் செலுத்தவில்லை. அவர்களுள் மூன்று வண்டிகளுக்குக் கொட்டகை போட்டவரும் இருக்கிறார். அப்புல்லரை இருமுறை இரவல் பெற்றவரும் அவரே.

கூட்டத்துக்கு இடமளித்த பள்ளி நிர்வாகத்துக்கும், சிற்றுண்டி வழங்கிய துணைத்தலைவர் இல்லத்தாருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், என் முழங்கால் வண்டிக்கு அடியில் குனிய இடம் தருவதில்லை. பொறுப்பிலிருந்து விலகவே விரும்புகிறேன். பதிவேடு இன்னும் என் கையெழுத்தில் ஒரே நோட்டுப் புத்தகமாக இருப்பதால், அதைப் புரிந்து நடத்தக்கூடியவர் முன்வரும்வரை பேரவை வேறு விதமாக முடிவு செய்தால் கட்டுப்படுவேன். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். தங்கள் மேஸ்திரியிடம் கேட்டு, அவர் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் நிரப்பித் தர வேண்டுகிறேன். சந்தா ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசை மேல் உள்ளது. கூட்டம் முடிந்து கடைசி வண்டி புறப்படும்வரை நான் அங்கேயே இருப்பேன்.

செயலாளர்