வான்கோழியையும் நாட்டுக்கோழியையும் சேர்த்து வளர்க்கச் சொன்னது குறித்த புகார்

பெறுநர்: விற்பனை மேலாளர், குஞ்சு பொரிப்பகம்
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருவண்ணாமலை மாவட்டம்

பொருள்: தவறான ஆலோசனையால் 13 வான்கோழிகள் இறந்தது – பணத்தைத் திருப்பித் தரவும் கையேட்டைத் திருத்தவும் கோருதல்

ஐயா, வணக்கம்.

கடந்த ஆகஸ்ட் மாதம் உங்களிடம் 20 வான்கோழிக் குஞ்சுகளும் 30 நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் ஒரே ரசீதில் வாங்கினேன். எங்கள் புறக்கடையில் ஏழெட்டு வருடமாகக் கோழி மேய்கிறது, அதே இடத்தில் வான்கோழியை விடலாமா என்று அப்போதே போனில் கேட்டேன். உங்கள் விற்பனைப் பிரிவில் பேசியவர், "தாராளமா விடுங்க சார், கோழி பழகின இடம்னா இன்னும் நல்லது" என்றார். பெட்டியோடு வந்த கையேட்டிலும் 'எல்லாக் கோழி இனங்களுடனும் சேர்த்து வளர்க்கலாம்' என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

குஞ்சுகளைக் குறை சொல்ல மாட்டேன். புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் கூண்டில், சேர்த்து வைத்த மூன்று வாரமும் நன்றாகவே போயிற்று. வான்கோழிக் குஞ்சு தீவனத் தட்டின் மேலேயே நின்றுகொண்டு பட்டினி கிடக்கும் என்று சொல்வார்கள். பார்த்த பிறகுதான் நம்பினேன். பக்கத்தில் கோழிக்குஞ்சு கொத்துவதைப் பார்த்துத்தான் அதுவும் கொத்தப் பழகியது. பளபளப்பைப் பார்த்துக் கொத்தட்டும் என்று தண்ணீரில் கலர் கோலிக்குண்டு போட்டேன், பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை என்று பிசைந்து வைத்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. நீங்கள் கொடுத்த தீவன மூட்டையில் புரதம் 20 சதவீதம், வான்கோழிக் குஞ்சுக்கோ 28 வேண்டும். கருவாட்டுத் தூள் சேர்த்துச் சமாளித்தேன். சரி, அதை விடுங்கள்.

ஆறாவது வாரம் எல்லாவற்றையும் புறக்கடையில் திறந்துவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் மண்புழு மேலே வர, வான்கோழிகள் ஓடி ஓடிப் பொறுக்கின. அடுத்த பத்து நாளில் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்மூடி நின்றது. எச்சம் கந்தகத்தைக் கரைத்து ஊற்றியது போல மஞ்சள். மறுநாள் மூன்று. கோழிகளோ ஒரு தும்மல்கூட இல்லாமல் கிளறிக்கொண்டிருந்தன. பாம்பாக இருக்குமோ, யாராவது விஷம் வைத்தார்களோ என்று நான் யோசிக்க, என் மனைவி பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.

செத்ததில் ஒன்றைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க நாணயத்தை அழுத்தி எடுத்தது போல வட்ட வட்டமான குழிகள். குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகளும் வீங்கி, உள்ளே திரிந்த பால் இறுகியது போல அடைத்திருந்தது. "கூடவே கோழி வளர்க்கிறீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிளாக்ஹெட், அதாவது கருந்தலை நோயாம். என் வான்கோழி எதற்கும் தலை கறுக்கவில்லை, பேர் மட்டும் அப்படி. கோழிக் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் அந்தக் கிருமி ஒளிந்திருக்குமாம். கோழியை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு மண்ணில் விழும் முட்டையை மண்புழு தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். அப்புறம் அவர் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது: அந்த முட்டைகள் மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு கிடக்குமாம். அதாவது, உங்கள் ஆள் "இன்னும் நல்லது" என்று சொன்ன அந்த இடம்தான் இருப்பதிலேயே மோசமான இடம்.

இதைச் சொல்லிக் கூப்பிட்டபோது, "பராமரிப்பு சரியில்லை சார்" என்று வைத்துவிட்டார்கள். கேட்டு, நீங்கள் சொன்னபடி செய்தவனைப் பார்த்துச் சொல்கிற பதிலா இது?

குஞ்சு ஒன்று 180 ரூபாய். இறந்த 13-க்கு 2,340 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மூன்று மாதத் தீவனச் செலவை நான் கேட்கவில்லை. ஆனால் கையேட்டில் அந்த வரியை எடுத்துவிட்டு, கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழியை விடக்கூடாது, கோழிகளுக்குத் தவறாமல் புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அச்சிடுங்கள். போன் எடுப்பவருக்கும் சொல்லிவையுங்கள்.

மீதி ஏழையும் பக்கத்துத் தோட்டத்தில், கோழி கால் படாத மூலையில் கம்பிவலைத் தரை போட்ட கொட்டகைக்கு மாற்றியிருக்கிறேன். புறக்கடையில் இனிப் பல வருடத்துக்கு வான்கோழி விட முடியாது.

ரசீது, கையேட்டின் அந்தப் பக்கம், பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்