கணக்கு சரி, நேரம்தான் தப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் கேள்வி-பதில் பக்கத்தில், டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டதற்கு, தூரம் 12,400 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900, ஆகவே சுமார் 13 மணி 45 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். வகுத்தது சரிதான். ஆனால் அதை நம்பி மகளை ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னால், பாவம், ஒன்றிரண்டு மணி நேரம் அவள் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்த 12,400, உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். பேரனின் பூகோள உருண்டையில் தையல் நூலை வைத்து நானே பார்த்தேன். டில்லியிலிருந்து வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி, வட துருவத்துக்குப் பக்கமாகப் போய், அலாஸ்கா வழியாக இறங்குகிறது. சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தால் இது யாருக்கும் தோன்றாது. ஆனால் விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. வடக்கே இமயமும் திபெத்தும் நிற்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்!

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே ஊர்களுக்கு இடையே அட்லாண்டிக் பக்கம் போவதை விட்டுவிட்டு பசிபிக் வழியாக விமானத்தைத் திருப்பியது. சுமார் 15,300 கிலோமீட்டர், பழைய வழியைவிட 1,400 கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்கிற வேகமான காற்று ஓடுகிறது, அதன் முதுகில் ஏறிக்கொண்டால் போதும். நான் போனபோது முன் சீட்டுத் திரையில் வேகம் 1,100ஐத் தொட்டதைப் பார்த்துவிட்டு மனைவியை எழுப்பினேன், திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

கிழக்கே போனால் சீக்கிரம் போவதற்கு பூமி சுழல்வதுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் திருத்துங்கள். பூமியோடு சேர்ந்து காற்றும்தான் சுற்றுகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில், நியூயார்க்கில் கிளம்பிய ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம். அன்றைக்கு பூமி ஒன்றும் வேகமாகச் சுற்றிவிடவில்லை.

அதனால் தூரத்தோடு, போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டு நேரத்தையும் விமான அட்டவணையைப் பார்த்துப் போடுங்கள், வகுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. குளிர்காலத்தில் டில்லியில் விடியற்காலை 4 மணிக்கு ஏறினால், சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில் காலை 6 மணிவாக்கில் இறங்கலாம். டிக்கெட்டைப் பார்த்த என் சம்பந்தி, "ரெண்டே மணி நேரத்தில் அமெரிக்காவா?" என்று கேட்டார். அவரும் உங்கள் வாசகர்தான். அவருக்காகவாவது 'உள்ளூர் நேரம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
மயிலாடுதுறை